டன்ஃபோர்த்துக்குப் போன ஆர்னி

என் அண்ணன் ஆர்னி இனி டன்ஃபோர்த் ஊர் மண்ணை மிதிக்க மாட்டேன் என்று சபதம் போட்டவன். உயிரோடு இருந்தவரை அதைக் காப்பாற்றினான். செத்த பிறகு லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் அங்கேயே கொட்டிவிட்டார்கள். இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நானே சிரித்திருக்கிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது அவனைப் பற்றி இல்லை, அவன் மனைவி தெல்மாவைப் பற்றி. நான் மேவிஸ், அவளுக்கு நாத்தனார். நாத்தனார் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருகிறது என்றால் அவள் எப்படிப்பட்டவளாக இருந்திருப்பாள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்ஷா லேன் அரங்கம் எங்கள் தெருக்கோடியில் இருந்தது. செங்கல் சூளைக்காரர்கள் மண்ணெடுத்த பள்ளத்தை எங்கள் பிராக்கன்ஷா ஊர்க் குப்பையைப் போட்டு நிரப்பி, அதன்மேல் நாய்ப் பந்தயத்துக்காகக் கட்டியது. அதன் தகரக் கூரைக்கு ஆணி அடித்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். செவ்வாயும் சனியும் நாய்கள் ஓடும். போர் முடிந்த பிறகு வெள்ளிக்கிழமைகளில் மோட்டார் சைக்கிள் பந்தயம் வந்து சேர்ந்தது. நான்கு பேர், நான்கு சுற்று, வண்டியில் பிரேக் என்ற ஒன்றே கிடையாது. வளைவுகளில் பின்சக்கரத்தை வழுக்கவிட்டுத்தான் திரும்ப வேண்டும். தடம் முழுக்கச் சிவப்புக் கல்லை நொறுக்கிப் போட்ட பொடி. சக்கரம் வழுக்கும்போது அந்தச் செம்பொடி வேலியைத் தாண்டி அள்ளி வீசும்.

வீசுவது எங்கே விழும்? நாய்த் தடத்தில் விழும். கார்ஷா லேனில் உள்வட்டம் பைக்குகளுக்கு, அதைச் சுற்றி நாய்த் தடம், அதற்கும் வெளியேதான் நாங்கள் நிற்கும் படிகள். சண்டையே அதனால்தான். நாய்க்காரர்களும் பைக்குக்காரர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்களே தவிர, ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. நாய்க்காரர்கள் தொப்பியை இறக்கி விட்டுக்கொண்டு காதோடு காது பேசுகிறவர்கள். நாங்கள் குழந்தை குட்டிகளோடு கழுத்துத் துண்டைக் கட்டிக்கொண்டு போய்த் தொண்டை கட்டும்வரை கத்துகிறவர்கள். எங்கள் அணிக்குக் கடாக்கள் என்று பெயர். டன்ஃபோர்த் அணி பருந்துகள். மலைக்கு அந்தப்புறம் இருக்கிற அந்த ஊரை எங்களுக்குப் பிடிக்காது. ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது, ஆனால் பிடிக்காது.

தெல்மா நாய்க்கார வீட்டுப் பெண். அவள் அப்பா கோபுரத்து அறையில் உட்கார்ந்து முயலை ஓட்டுகிறவர். முயல் என்றால் துணி முயல்தான். தண்டவாளத்தில் மின்சாரத்தில் ஓடும். நாய்கள் பிடித்துவிடவும் கூடாது, கண்ணில் படாமல் போய்விடவும் கூடாது, அந்த அளவில் ஓட்ட வேண்டும். தெல்மா வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு பந்தயத்துக்கு முன் நாயை நடத்திக்கொண்டு வருவாள். பெண்பிள்ளைகள் ஆறு பேர், நாய்கள் ஆறு. அவள் நடக்கிற நடையில் நாய் யார், நடத்துகிறவள் யார் என்று சொல்ல முடியாது, அவ்வளவு ஒல்லி. சனிக்கிழமை காலையில் இந்தப் பெண்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. முந்தின நாள் பைக்குகள் வீசிவிட்டுப் போன செம்பொடியையும் கல்லையும் நாய்த் தடத்திலிருந்து கூட்டித் தள்ள வேண்டும். ஒரு சின்னக் கல் போதும், நாயின் பாதத்தைக் கிழித்துவிடும்.

அப்படி ஒரு சனிக்கிழமை. ஆர்னி அப்போது கடாக்கள் அணியில் கடைசி ஆள். பகலில் ஆலையில் தறி பழுது பார்ப்பவன், வெள்ளிக்கிழமை மட்டும் வீரன். பெரும்பாலும் மூன்றாவதாக வருவான், மூன்று பேர் ஓடினால். வண்டிகள் நிற்கும் கொட்டகையில் அவன் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, துடைப்பத்தோடு உள்ளே வந்து நின்றாள் தெல்மா. நானும் அங்கேதான் இருந்தேன், அவனுக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். அவள் உள்ளங்கையில் ஒரு சிவப்புக் கல், அதில் கொஞ்சம் ரத்தம்.

"இது யாரோடது?"

"கல்லா? எல்லாக் கல்லும் கடவுளோடதுதான்" என்றான் ஆர்னி.

"என் நாய் கால்ல இருந்து எடுத்தேன். உங்க வீரத்தையெல்லாம் வேலிக்கு உள்ளயே வச்சுக்கக் கூடாதா?"

"நேத்து நான் கடைசியா வந்தேங்க. முன்னால போறவன் வீசுறதெல்லாம் என் மூஞ்சியிலதான் விழுது. நான் எங்க வீசுறது?"

அவள் சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தது எனக்குத் தெரிந்தது. எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் வேறு பெண்ணா இல்லை, போயும் போயும் நாய்க்காரி.

கல்யாணம் என்றதும் இரண்டு வீட்டிலும் எள்ளும் கொள்ளும் வெடித்தது. என் அம்மா, "சூதாடுறவங்க வீட்டுல சம்பந்தமா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். தெல்மாவின் அப்பா அதற்கும் மேல். "பிரேக் இல்லாத வண்டி ஓட்டுறவன் எப்படிம்மா வீட்டுல நிப்பான்?" என்று கேட்டாராம். அதற்கு அவள், "நீங்க தினம் முயலை ஓட்டுறீங்க, எந்த நாயாவது இதுவரைக்கும் பிடிச்சிருக்கா? நான் பிடிச்சிட்டேன், விடுங்க" என்றாளாம். இதை அவரே கல்யாண விருந்தில் சொல்லிச் சிரித்தார்.

கல்யாணமான மறு வருஷம் டன்ஃபோர்த்தில் ஆட்டம். இரண்டாவது வளைவில் பருந்துகள் அணிக்காரன் ஒருவன் உட்பக்கமாகப் புகுந்து ஆர்னியைப் பலகை வேலியோடு சேர்த்து நசுக்கிவிட்டான். வேண்டுமென்று செய்தானா, தவறிச் செய்தானா, எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் கேட்டால் வேண்டுமென்றுதான் என்பார்கள். தோள் உடைந்தது. ஒட்டிய பிறகும் வலது கையால் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. அன்றோடு சவாரி போயிற்று. சபதம் வந்தது அப்போதுதான்.

ஆனாலும் கார்ஷா லேனை அவன் விடவில்லை. அந்த வண்டிகள் தானாகக் கிளம்பாது, பின்னாலிருந்து ஒருவர் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். ஆர்னி தள்ளுகிறவன் ஆனான். சொந்த ஊர் ஆட்டத்துக்கு மட்டும்தான் தள்ளுகிறவன் வேண்டும், அதனால் டன்ஃபோர்த் போக வேண்டிய அவசியமும் இல்லை. ஆலை மூடியது, பேருந்துப் பணிமனைக்குப் போனான். தொலைக்காட்சி வந்து கூட்டம் கரைந்து அணியே சில வருஷம் இல்லாமல் போனது, திரும்ப வந்தது. தலை நரைத்தது. அவன் தள்ளிக்கொண்டேதான் இருந்தான். வண்டி உறுமிக்கொண்டு கையை விட்டுப் போகும்போது இரண்டு எட்டு கூடவே ஓடுவான், பிறகு நின்று பார்த்துக்கொண்டிருப்பான்.

தெல்மா அந்த விபத்துக்குப் பிறகு ஒரு பைக் பந்தயம்கூடப் பார்த்ததில்லை. நாய்கள் ஓடும் நாளில் அரங்கத்தில் இருப்பாள், பின்னாளில் பந்தயச் சீட்டு விற்கும் ஜன்னலில். வெள்ளிக்கிழமை வீட்டில்தான். ஆர்னி திரும்பி வரும்போது வாசலிலேயே நிறுத்திவிடுவாள். அவன் கால்சட்டை மடிப்பில், காதுமடலில், சட்டைப் பையில், எங்கு தொட்டாலும் செம்பொடி. எஞ்சினுக்கு விளக்கெண்ணெய் கலந்த எண்ணெய்தான் ஊற்றுவார்கள், அது எரிந்த வாடை வேறு.

"அப்படியே நில்லு. ஒரு அடி வச்சே, தெரியும் சேதி" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வருவாள்.

"நாய்க்குக்கூட இவ்வளவு தட்ட மாட்டியேடி."

"நாய் சொன்னா கேக்கும்."

கோட்டைத் தட்டுவாள், கால்சட்டையை உதறுவாள், அவன் தலையைக் குனியச் சொல்லி ஊதுவாள். கல்யாணமான நாளிலிருந்து இதே கூத்து. அப்படியும் குளியல் தொட்டியில் சிவப்பு வளையம் படியும், படுக்கையில் நறநறக்கும். "என் ஜென்மமே இந்தப் பொடியைக் கூட்டுறதுலயே போகுது" என்று என்னிடம் புலம்பாத வாரம் இல்லை.

ஆர்னி ஒரு மார்கழிக் குளிரில் நெஞ்சடைப்பில் போனான். அவன் ஆசை எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் பைக் கூட்டத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. எரித்த சாம்பலைத் தடத்தில் தூவச் சொல்லிவிட்டுப் போவார்கள். பந்தயப் பருவம் தொடங்கிய முதல் வெள்ளிக்கிழமை காலையில் தடத்தைப் பராமரிக்கும் டக் எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். இரண்டாவது வளைவில் தெல்மா தூவினாள். டக் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார், பிறகு டிராக்டரில் ஏறிப் பல்லுக்கட்டையை இழுத்துத் தடத்தைச் சமன் செய்தார். அன்று சாயங்காலமே வண்டிகள் அவன்மேல் ஓடின. அவனுக்கு அதுதானே வேண்டும்.

வெளியே வந்ததும் தெல்மா சொன்னாள்: "மேவிஸ், என்னையும் இங்கயேதான் போடணும். டக்கிட்ட சொல்லி வச்சிட்டேன்."

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். பைக் என்றாலே ஆகாதவள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து இரண்டாவது வளைவுக்கு நேரே படியில் நிற்க ஆரம்பித்தாள். ஒரு குடுவையில் தேநீர், இரண்டு கோப்பை. இன்னொன்று எனக்குத்தான், வேறெதுவும் நினைக்க வேண்டாம். யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்றெல்லாம் பார்க்க மாட்டாள். வண்டிகள் வளைவுக்கு வரும்போது செம்பொடி எழும்பும், அதை மட்டும் பார்ப்பாள். அது வேலியைத் தாண்டி வந்து நாய்த் தடத்தில் விழும். எங்கள் காலடிவரை வராது.

"கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி விழக் கூடாதா" என்றாள் ஒரு நாள்.

"உன் நாய்த் தடம்தான் குறுக்க நிக்குது. உங்கப்பாவைக் கேளு" என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து நின்றாள். அவள் ஏக்கம் எனக்கு அன்றுதான் முழுசாகப் புரிந்தது.

இரண்டு பருவம்கூட முழுதாக ஓடவில்லை. நாய்ப் பந்தயத்தை ஆட்கள் பந்தயம் கட்டும் கடையில் உட்கார்ந்து திரையில் பார்க்கப் பழகிவிட்டார்கள். கூரை ஒழுகியது. நிலத்துக்காரர்கள் வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள். கடைசி நாய்ப் பந்தயத்தன்று, வேலையை விட்டு எத்தனையோ காலமான தெல்மாவைக் கூப்பிட்டு வெள்ளைக் கோட்டைப் போட்டு ஒரு நாயை நடத்தச் சொன்னார்கள். நடந்தாள். முதுகு வளையாமல் நடந்தாள். கடைசி பைக் பந்தயத்தன்று ஜனங்கள் ஞாபகத்துக்கென்று ஆளுக்கொன்றைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார், ஒருவர் கழிப்பறைக் கதவையே கழற்றினார். நான் தேநீர்க் கடைப் பலகையைக் கொண்டுவந்தேன். தெல்மா எதையும் தொடவில்லை.

"எடுக்கணும்னா அந்த வளைவைத்தான் எடுக்கணும். விடு. மேல வீடு கட்டுனாலும் பரவாயில்ல. இந்த இடத்துக்குக் கீழ இருக்கான்னு தெரிஞ்சா போதும். அந்தத் தெருவுல போய் நின்னுக்குவேன்."

அந்தக் குளிர்காலம் முழுக்க அவளை அதுதான் தாங்கிக்கொண்டிருந்தது. பனி விட்டதும் ஒரு காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். தெருவில் லாரிகள் போகிற சத்தம் எனக்கும் கேட்டது. இருவரும் போய்ப் பார்த்தோம். கதவு அகலத் திறந்து கிடந்தது. தடம் இல்லை. கறுப்பு மண் தெரிந்தது. இரண்டாவது வளைவு இருந்த இடத்தில் இயந்திரம் கடைசிச் செம்பொடியை வழித்து அள்ளிக்கொண்டிருந்தது. டக் ஓரமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அவர் முகம் செத்துப்போயிற்று.

"எங்க கொண்டு போறாங்க டக்?" என்று தெல்மா கேட்டாள்.

"நல்ல பொடி, தெல்மா. இந்த மாதிரி இப்பக் கிடைக்கறதில்ல. வீணாப் போக வேணாம்னு வேற தடத்துக்குக் கொடுத்துட்டாங்க."

"எந்தத் தடம்?"

அவர் தொப்பியைக் கழற்றினார். போட்டார். "டன்ஃபோர்த்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "என்னய்யா மனுஷன் நீ? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாது? எங்க அண்ணன்யா அது" என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஒரு லாரிக்கு முன்னால் போய் நின்றுகூடப் பார்த்தேன். ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "பாட்டி, ஓரமா நில்லுங்க, அடிபடப் போவுது" என்றான். பாட்டியாம்.

தெல்மா மட்டும் அசையவில்லை. "அந்த வளைவுல இருந்ததை மட்டும் தனியா ஒரு வாளி எடுத்துத் தர முடியாதா டக்?"

டக் தலையை ஆட்டினார். "வளைவுல இல்லம்மா அவர். ஒவ்வொரு ஆட்டத்துலயும் வண்டி வெளிய தள்ளும், நான் இழுத்து உள்ள விடுவேன், அடுத்த வண்டி முன்னால கொண்டு போவும். இந்நேரம் வட்டம் முழுக்கப் போயிருப்பார். எந்த வாளியில இருக்கார்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

தெல்மாவின் வீட்டுக்கு வந்தோம். அடுப்பில் கெண்டியை வைத்தாள். திடீரென்று சிரித்தாள். "டன்ஃபோர்த். மேவிஸ், அவன் டன்ஃபோர்த் போயிட்டான்" என்றாள். நானும் சிரித்தேன். அப்புறம் அவள் அழுதாள், தண்ணீர் கொதித்து அடங்கியும் அழுகை நிற்கவில்லை.

அந்த வருஷம் முழுக்க நான் கெஞ்சினேன், போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று. மாட்டேன் என்றாள். "அவன் வச்ச சபதத்தை நான் உடைக்கறதா? என்னை மன்னிக்கவே மாட்டான்." வெள்ளிக்கிழமையானால் கோட்டைப் போட்டுக்கொண்டு கம்பி வேலிவரை போவாள். உள்ளே வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அங்கே நிற்க ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் நிற்பாள். இளைத்துப்போனாள். என் வீட்டுக்கு வருவதையும் குறைத்துக்கொண்டாள். அடுத்த பருவம் தொடங்குகிற சமயத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சபதம் போட்டவனே போய் அங்க குடியிருக்கான். உனக்கென்னடி வந்தது? புருஷன் வெளியூர் போனா பொண்டாட்டி போய்ப் பாக்கறதில்லையா?" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "நம்ம துண்டைக் கட்டிக்கிட்டுத்தான் வருவேன்" என்றாள்.

கடாக்கள் துண்டோடுதான் மலையைத் தாண்டிப் போகும் பேருந்தில் ஏறினோம். டன்ஃபோர்த் வாசலிலேயே கேலி ஆரம்பித்துவிட்டது. "கடா செத்தே போச்சு, இன்னுமா கயித்தைக் கழுத்துல கட்டிக்கிட்டு அலையறீங்க?" என்றான் ஒருவன். "உன்னை மாதிரி கோழிக்குஞ்சு திருடிப் பொழைக்கல" என்றேன். தெல்மா காதில் எதுவும் விழவில்லை. நேரே இரண்டாவது வளைவுக்குப் போனாள். ஆர்னியின் தோள் உடைந்த அதே இடம். பலகை வேலி புதிது, தடம் சிவப்பு. எங்கள் சிவப்பு. எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. டன்ஃபோர்த்தில் எந்தக் காலத்திலும் நாய் ஓடியதில்லை. வேலிக்கு இந்தப்புறம் உடனே படி. குறுக்கே எதுவும் இல்லை.

பக்கத்தில் நின்ற பருந்துத் தொப்பிக்காரர் ஒருவர், வயசு எங்களைப் போலத்தான், தெல்மாவின் நல்ல கோட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, இது ரொம்ப மோசமான இடம். பொடி நேரா மேல விழும். மேல போயிடுங்க."

"தெரியும். என் வீட்டுக்காரர் இங்கதான் இருக்கார்."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "எங்க, காணோமே?"

தெல்மா தடத்தைக் காட்டினாள். அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. கார்ஷா லேன் பொடி வந்த கதை அவருக்கும் தெரிந்திருந்தது போல. தொப்பியைத் தொட்டார். "அப்ப இப்ப எங்க ஊர்க்காரர்" என்றார்.

"அதை அவர் காதுல விழற மாதிரி சொல்லாதீங்க" என்றாள் தெல்மா.

தொடக்கக் கோட்டில் குறுக்கே கட்டியிருந்த நாடா எழும்பியது. நான்கு வண்டிகளும் முதல் வளைவில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு சாய்ந்தன, எங்களை நோக்கி வந்தன. விளக்கெண்ணெய் எரியும் அந்த வாசனை முதலில் வந்தது. அடடா, அதற்கு எவ்வளவு நாளாக ஏங்கிக் கிடந்திருக்கிறேன். அடுத்த நொடி பின்சக்கரங்கள் வழுக்கின. செம்பொடி எழும்பி வேலியைத் தாண்டி எங்கள் தலையில், முகத்தில், தோளில் கொட்டியது. முகத்தைத் திருப்பாமல் நின்றாள் தெல்மா. நான்கு சுற்றும் அப்படியேதான்.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் உதறிக்கொண்டார்கள். தொப்பிக்காரர் தொப்பியைத் தொடையில் அடித்துத் தட்டினார். நான் என் கோட்டைத் தட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் அவள் தோளையும் தட்டக் கையைத் தூக்கினேன். அவள் கூந்தல், புருவம், துண்டு, எல்லாம் சிவப்பு. வாழ்நாள் முழுக்கத் துடைப்பத்தோடு வாசலில் நின்றவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தட்டாதே மேவிஸ்" என்றாள். "வீட்டுக்கு வரட்டும்."